ஆஸ்துமாவும் கடலை ஒவ்வாமையும் சேர்ந்திருக்கிற பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது?

செங்காங்_அம்மா | திங்கள், இரவு 9.41

எல்லாருக்கும் வணக்கம். மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோது எக்ஸிமா, அடுத்து நிலக்கடலை ஒவ்வாமை, பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் இழுப்பு. இப்போது வீட்டில் இழுப்பு வந்தால் போடுகிற நீல இன்ஹேலர் (வென்டோலின்), காலை மாலை போடுகிற ஆரஞ்சு ஸ்டீராய்டு இன்ஹேலர், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப் பேனா (எபிபென்) மூன்றும் இருக்கின்றன.

போன வாரம் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தோம். கடலையைப் பற்றிக் கேட்பார் என்று போனால் பாதி நேரம் இழுப்பைப் பற்றியே கேட்டார். இரவில் இருமுகிறானா, நீல இன்ஹேலர் வாரத்துக்கு எத்தனை தடவை, ஓடினால் மூச்சு வாங்குகிறதா என்று. நான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். வெளியில் எதையோ சாப்பிடுகிறான். கொஞ்ச நேரத்தில் இருமல், வீசிங். உடம்பில் தடிப்பு இல்லை, உதடும் வீங்கவில்லை. இது இழுப்பா, ஒவ்வாமையா? எதைக் கையில் எடுப்பது? வீட்டுக்காரர் "முதலில் இன்ஹேலர், ஊசி கடைசியில்" என்கிறார். மாமியாருக்கு ஊசி என்ற பேச்சே பிடிக்கவில்லை.

பிடோக்_ராஜா | திங்கள், இரவு 9.58

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி சிஸ்டர். நாலு பஃப் கொடுங்க, பத்து நிமிஷம் பாருங்க. தடிப்பு வந்தா ஊசி. எனக்குச் சின்ன வயசிலிருந்து ஆஸ்துமா. வீசிங்னா வென்டோலின்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு.

தெம்பனிஸ்_மலர் | திங்கள், இரவு 10.05

எங்க வீட்டிலயும் இதே சண்டை. பின்தொடர்கிறேன்.

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | செவ்வாய், காலை 7.50

வேலை முடிந்து வந்து இதைப் பார்த்தேன். தூங்கப் போவதற்கு முன் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ராஜா அண்ணன் சொன்னதை யாராவது அப்படியே செய்துவிடக் கூடாது.

உணவு ஒவ்வாமை இருப்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளை, ஆஸ்துமாவும் இருக்கிறது, சாப்பிட்ட பிறகு திடீரென்று மூச்சுத் திணறுகிறது என்றால் முதலில் அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், உடுப்புக்கு மேலேயே குத்தலாம். அடுத்து ஆம்புலன்ஸுக்கு 995. அதற்குப் பிறகு நீல இன்ஹேலர், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாய்). ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. தடிப்பு வருகிறதா என்று காத்திருக்கவே கூடாது. கடுமையான ஒவ்வாமையில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. உலக ஒவ்வாமை அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது: ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பொருள் உள்ளே போன பிறகு மூச்சுக்குழாய் இறுகினாலோ தொண்டை அடைத்தாலோ, தோலில் அறிகுறி இல்லாவிட்டாலும் அது அனபிலாக்ஸிஸ்தான், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை.

ஏன் இன்ஹேலர் போதாது? வென்டோலின் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். தொண்டை வீக்கத்தையோ இரத்த அழுத்தம் விழுவதையோ அது ஒன்றும் செய்யாது. அட்ரினலின் மூச்சுக்குழாயையும் திறக்கும், விரிந்துபோன இரத்தக்குழாயைச் சுருக்கும், வீக்கத்தை வடிக்கும், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் மேற்கொண்டு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதையும் மட்டுப்படுத்தும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. பூச்சிக்கடியாலும் மருந்தாலும் வரும் அனபிலாக்ஸிஸில் பெரும்பாலும் இரத்த ஓட்டம்தான் முதலில் குலைகிறது. உணவால் வந்தால் பெரும்பாலும் மூச்சு. அதனால்தான் ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு உணவு ஒவ்வாமை கூடுதல் ஆபத்து. இறந்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2001-ல் ஓர் ஆய்வு வந்தது, 32 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடலையோ கொட்டை வகையோதான் காரணம். விவரம் முழுமையாகக் கிடைத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஆஸ்துமா இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கையில் அட்ரினலின் இருந்தவர்கள் மிகச் சிலர்.

மருத்துவர் இழுப்பைப் பற்றியே கேட்டது இதனால்தான் அக்கா. ஏற்கெனவே உள்ளே வீங்கிச் சளி கட்டியிருக்கும் மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வந்து விழுந்தால் சமாளிக்க இடமே இருக்காது. ஆரஞ்சு இன்ஹேலரை ஒழுங்காகப் போடுவதும் கடலை ஒவ்வாமைக்கான பாதுகாப்பில் சேர்த்திதான்.

பிடோக்_ராஜா | செவ்வாய், மதியம் 12.20

நர்ஸ் தங்கச்சி, உங்க படிப்பை மதிக்கிறேன். ஆனா சாதாரண இழுப்பா இருந்தா? சாப்பிட்டுட்டு ஓடியிருப்பான், வீசிங் வந்திருக்கும். அதுக்குப் போய் ஒன்பது வயசுப் பையனுக்கு அட்ரினலின் குத்தி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, ஆம்புலன்ஸ் வந்து, புளோக்கே வேடிக்கை பார்த்து... ஊசி போட்டதால ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | செவ்வாய், மாலை 5.35

நியாயமான கேள்வி. வெறும் இழுப்புக்கு அட்ரினலின் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மூச்சுக்குழாய் விரியும். கை நடுங்கும், முகம் வெளுக்கும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இன்ஹேலர்கள் வருவதற்கு முன் ஆஸ்துமாவுக்கே அட்ரினலின் ஊசிதான் போட்டார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே. பேனாவில் இருக்கும் அளவு, தசையில் போடும்போது, நல்ல உடல்நிலையில் உள்ள பிள்ளைக்குப் பயப்பட வேண்டிய அளவு இல்லை.

இப்போது மறுபக்கம். ஒவ்வாமையை இழுப்பு என்று நினைத்து பஃப் கொடுத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால்? பிரிட்டனில் 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று, உணவு ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பார்த்தது. மூச்சோ இதயமோ நிற்கும் வரைக்கும் ஆன நேரம், நடுமதிப்பு 30 நிமிடம். நீங்கள் சொன்ன பத்து நிமிடத்தை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். லிஃப்ட், போக்குவரத்து, ஆம்புலன்ஸ் வருகிற நேரம் எல்லாம் மீதியிலிருந்துதான்.

அதற்காக எல்லா வீசிங்குக்கும் ஊசி என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சளி, புகைமூட்டம், இரவெல்லாம் இருமல், எதுவும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்துமா திட்டப்படி நீல இன்ஹேலர். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் திடீரென்று வந்தால், கூடவே வாந்தி, குரல் கம்மல், முகம் வெளிறல், பிள்ளை துவண்டு போவது ஏதாவது இருந்தால், யோசிக்க ஒன்றுமில்லை. சந்தேகமாக இருந்தாலும் பேனாதான்.

தேக்கா_சாப்பாட்டுக்கடை | செவ்வாய், இரவு 11.10

கடை மூடிட்டு எழுதுறேன். நான் மருத்துவம் பேசலை, சமையல் பேசறேன்.

பெற்றோர் வந்து "கடலை இருக்கா"ன்னு கேட்பாங்க. கடைப்பையன் "இல்லை"ம்பான். அவன் பொய் சொல்லலை, அவனுக்குக் கண்ணுல தெரியற கடலைதான் கடலை. ரோஜாக் குழம்புல அரைச்சு விட்டது, சத்தே குழம்பு, போப்பியா உள்ளே தூவினது, மூவா சீ மாவு, மின் ஜியாங் குவே நடுவுல இருக்கிறது, இதெல்லாம் அவன் தலையில ஓடாது. நாசி லெமாக்குல நெத்திலியையும் கடலையையும் ஒரே சட்டியில வறுக்கறாங்க. கடலையை எடுத்துடுங்கன்னு சொன்னா கரண்டியால ஒதுக்கிட்டுக் கொடுத்துடுவான். அது எப்படி உதவும்? இறால் ஒத்துக்காதவங்களுக்கு இன்னும் கஷ்டம். சம்பால்னாலே பெலாச்சான்ங்கிற இறால் விழுது, லக்ஸாவுல காய்ந்த இறால், காங்கோங் கீரையைக் கூட விட்டு வைக்கமாட்டாங்க.

பாக்கெட் உணவுன்னா சட்டம் இருக்கு. கடலை, கொட்டை வகை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, குளூட்டன் உள்ள தானியம், சல்ஃபைட் எல்லாம் லேபிள்ல போட்டே ஆகணும். உணவங்காடியில தட்டுல போடறதுக்கு லேபிள் எங்கே? அதனால "கடலை இருக்கா"ன்னு கேட்காதீங்க. "என் பையன் கடலை பட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணும், இதே சட்டியில வேற என்ன செய்றீங்க"ன்னு கேளுங்க. கூட்ட நேரத்துல கேட்காதீங்க. பதில் சொல்லத் தயங்கினா அடுத்த கடைக்குப் போங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

எங்க தாத்தா தியேட்டர் வாசல்ல கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகை, வித்தவர். பேப்பர் கூம்பு மடிச்சுத் தருவார். அவர் காலத்துல கடலையால உயிர் போகும்னு சொன்னா சிரிச்சிருப்பார்.

புங்கோல்_புது_அப்பா | புதன், காலை 8.02

சல்ஃபைட் என்று சொன்னீர்களே, அதுவும் ஒவ்வாமையா?

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | புதன், காலை 8.40

கடலை மாதிரியான ஒவ்வாமை என்பது அரிது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது இழுப்பைக் கிளப்பும். நிறம் மாறாமல் இருக்கும் உலர்ந்த ஏப்ரிகாட், ஒயின் எல்லாவற்றிலும் இருக்கும். லேபிளில் வருவதற்குக் காரணம் அதுதான்.

யீஷூன்_ரன்னர் | புதன், இரவு 8.15

பெரியவர்களுக்கும் இது உண்டு என்பதற்காக எழுதுகிறேன். வயது முப்பதுக்கு மேல். சின்ன வயதில் தூசி மூக்கடைப்பும் லேசான ஆஸ்துமாவும் மட்டும்தான். இறால் சாப்பிட்டால் நாக்கு அரிக்கும், அவ்வளவுதான் என்று சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள் இறால் மீ சாப்பிட்டேன், முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டேன், பார்க் கனெக்டர் நடைபாதையில் ஓடப் போனேன். பாதி வழியில் உள்ளங்கை அரிப்பு, இருமல், வீசிங், கண் இருட்டியது. கூட ஓடியவர் ஆஸ்துமா என்று நினைத்து என்னை நிமிர்த்தி நடக்க வைக்கப் பார்த்தார். நல்ல வேளை, உடனே ஆம்புலன்ஸ் வந்தது.

பிறகு மருத்துவர் சொன்னவை இரண்டு. ஒன்று, இறாலில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம் வீட்டுத் தூசி உண்ணியிலும் இருக்கிறது, இரண்டும் சொந்தக்காரர்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் தூசி உண்ணி இல்லாத மெத்தையே கிடையாது. அதனால் மூக்கிலும் நெஞ்சிலும் தூசி ஒவ்வாமை இருக்கிற சிலருக்கு இறால் ஒவ்வாமையும் சேர்ந்து வருகிறது. இரண்டு, ஓட்டம், மது, ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை, காய்ச்சல், இதெல்லாம் ஒவ்வாமையைக் கூட்டிவிடும். தனியாக இறால் சாப்பிட்டால் நாக்கு அரிப்பு, எல்லாம் சேர்ந்தால் ஆம்புலன்ஸ்.

வலி மாத்திரை பற்றித் தனியாகவும் ஒன்று. ஆஸ்துமாவோடு மூக்கில் பாலிப்பும் (உள்ளே வளரும் சதை) இருக்கிறவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரையே கடும் இழுப்பைக் கொண்டுவரும், உணவே தேவையில்லை. மருந்துக்கடையில் கேட்கும்போது ஆஸ்துமா இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அங்_மோ_கியோ_லதா | புதன், இரவு 9.30

தூசி உண்ணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே சில பேருக்குப் பால் பவுடர், ஃபார்முலா கலந்த பானம் குடித்து அனபிலாக்ஸிஸ் வந்தபோது பால் ஒவ்வாமை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். சோதித்தால் பாலுக்கு ஒன்றுமில்லை, வயிற்றுக்கு நல்லது என்று சேர்க்கிற கேலக்டோ ஆலிகோசாக்கரைடு, டின்னில் ஜிஓஎஸ் என்று போட்டிருக்கும், அதற்குத்தான். இதைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஆய்வாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் பின்னணியில் இங்கே அதிகமாக உள்ள பிளோமியா டிராப்பிகாலிஸ் என்ற தூசி உண்ணி இருக்கலாம் என்கிறார்கள். 1990-களில் இங்கே பிள்ளைகளுக்கு உணவால் வந்த அனபிலாக்ஸிஸில் பறவைக்கூடு முதலிடத்தில் இருந்தது என்பதும் இங்குள்ள ஆய்வுதான். இப்போது கடலை முன்னுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நம் ஊர் விவகாரம் பிடிபடாது.

இயற்கை_வைத்தியன் | புதன், இரவு 10.12

எல்லாம் இங்கிலீஷ் மருந்துக் கம்பெனி வேலை. தூதுவளை ரசம், துளசி, கருஞ்சீரகம் 48 நாள் கொடுங்கள். இழுப்பும் போகும், கடலையும் ஒத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலர் பிள்ளையின் வளர்ச்சியை நிறுத்திவிடும்.

இழை_மேற்பார்வையாளர் | புதன், இரவு 10.40

தூதுவளை ரசம் குடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. "கடலையும் ஒத்துக்கொள்ளும்" என்று எழுதுவதை இங்கே விட முடியாது, யாராவது வீட்டில் கொடுத்துப் பார்த்துவிடுவார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லி உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | வியாழன், காலை 8.05

வளர்ச்சி பற்றி மட்டும் சொல்கிறேன், பெற்றோருக்கு உண்மையிலேயே இருக்கும் பயம் அது. தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரால் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்று ஆய்வுகள் உண்டு. நின்றுவிடாது. அடிக்கடி கடும் இழுப்பு வந்து மாத்திரையாக ஸ்டீராய்டு விழுங்குவது அதைவிட மோசம்.

ராஜா அண்ணனுக்கும் ஒரு கேள்வி. நீல இன்ஹேலர் மட்டும்தானா வைத்திருக்கிறீர்கள்? உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா 2019-லேயே பெரியவர்களுக்கு நீலம் மட்டும் போதாது என்று மாற்றிவிட்டது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலோ, இழுப்பால் இரவில் விழித்தாலோ கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம்.

மரீன்_பரேட்_சாந்தி | வியாழன், மதியம் 1.15

என் மகளின் பள்ளியில் (பெயர் வேண்டாம்) எபிபென்னை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தார்கள். சாவி ஒருவரிடம், அவர் மதியம் வெளியே போய்விடுவார். நான் போய் நின்று பேசி, மருத்துவர் எழுதிய அவசரத் திட்டத்தைப் படத்தோடு ஒட்டச் சொல்லி, பேனாவை வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்க வைத்தேன். விளையாட்டு ஆசிரியரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஓடும்போதுதான் பிரச்சினை வரும் என்பதால். வாக்குவாதத்துக்குக் கொஞ்சம் தெம்போடு போங்கள்.

பேனாவைக் காரில் விடாதீர்கள். இந்த வெயிலில் கெட்டுவிடும். ஃபிரிஜ்ஜிலும் வேண்டாம். ஜன்னல் வழியாகத் தெரியும் மருந்து நிறம் மாறியிருந்தால் புதிது வாங்க வேண்டும்.

செங்காங்_அம்மா | வியாழன், இரவு 9.20

படித்துப் படித்து வீட்டுக்காரருக்கும் காட்டினேன். "சரி, ஊசி முதலில்" என்று ஒப்புக்கொண்டார், ஆனால் குத்துவது நீதான் என்கிறார் 😄 மாமியார் இன்னும் பேசவில்லை.

இரண்டு கேள்வி பாக்கி. ஊசி போட்டபின் படுக்க வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். இழுப்பு உள்ளவனைப் படுக்க வைத்தால் மூச்சு முட்டாதா? அப்புறம், தேறிவிட்டான் என்றால் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா? மாமனாருக்கும் இறால் ஒத்துக்கொள்ளாது, அவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கும் இதே முறையா?

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | வெள்ளி, காலை 8.15

இரண்டு என்று சொல்லிவிட்டு மூன்று கேட்டுவிட்டீர்கள்.

மூச்சுத் திணறினால் தரையில் கால் நீட்டி உட்காரட்டும். மயக்கமோ வெளிறலோ இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எப்படியானாலும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். கழிவறைக்குக்கூட வேண்டாம். திடீரென்று நிமிர்ந்ததும் இரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் இதயத்துடிப்பே நின்றுபோனவர்கள் உண்டு. ரன்னர் தம்பியை நடக்க வைக்கப் பார்த்தார்களே, அது ஆபத்தான உதவி.

தேறினாலும் போக வேண்டும். அட்ரினலின் சீக்கிரம் தீர்ந்துவிடும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே, இரண்டாவது அலை வரும். அதனால் அங்கே வைத்திருந்து பார்ப்பார்கள். ஆஸ்துமா இருக்கிறது என்று உள்ளே போனதுமே சொல்லுங்கள், கூடுதல் நேரம் வைத்திருப்பார்கள். அரிப்பு மாத்திரை அரிப்புக்குத்தான், ஊசிக்கு மாற்று இல்லை.

மாமனார் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் வகையா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த வகை அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பையும் கூட்டும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதில் சேர்த்திதான், அதைப் பலர் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேனா தேவைப்பட்டால் அவருக்கும் குத்தத்தான் வேண்டும்.

இன்னொன்று, மகன் எடை கூடிக்கொண்டே போவான். 0.15 மில்லிகிராம் பேனாவிலிருந்து 0.3-க்கு எப்போது மாறுவது என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள்.

யீஷூன்_ரன்னர் | வெள்ளி, மதியம் 12.50

குத்தப் பயமாக இருந்தால், காலாவதியான பேனாவை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகுங்கள். நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையை அழுத்தி, மூன்று வரை எண்ண வேண்டும். அந்த 'டிக்' சத்தம் ஒரு தடவை கேட்டுவிட்டால் பயம் பாதி குறையும். பிறகு அந்தப் பழத்தைச் சாப்பிட்டுவிடாதீர்கள். பேனாவையும் குப்பைத்தொட்டியில் போடாமல் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிடோக்_ராஜா | வெள்ளி, இரவு 10.30

தடிப்புக்குக் காத்திருக்கக் கூடாதுங்கிறதை ஏத்துக்கறேன். சந்தேகம்னாலே ஊசிங்கிறது எனக்கு இன்னும் முழுசா ஒத்து வரலை, அது இருக்கட்டும். நீலம் வாரத்துல எத்தனைன்னு கேட்டீங்களே, தினமும்தான். நண்டு சாப்பிட்டா தொண்டை கரகரங்கும், அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. இதுக்கு நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணுமா?

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் | சனி, காலை 7.45

நேராகப் போனால் முழுக் கட்டணம். முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், நண்டையும் தினசரி நீலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர்கள் கடிதம் கொடுத்தால் மானியக் கட்டணத்தில் ஒவ்வாமைப் பிரிவில் பார்க்கலாம். ஆஸ்துமா நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருப்பதால் அதற்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் பயன்படும். அதுவரை நண்டு வேண்டாம் அண்ணே.